உயிர் எடை

எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலான வியாபாரம் முடிந்துவிடும். குட்டியானை வண்டிகளின் பின்கதவைத் திறந்ததும், கால் மரத்துப்போன ஆடுகள் தட்டுத்தடுமாறி இறங்குகின்றன. தோளில் துண்டு போட்ட தரகர் ஒருவர் கறுத்த கிடாய் ஒன்றின் முதுகில் கையை வைக்கிறார். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நாலு விரல் மறுபக்கம். இடுப்பெலும்பை ஒட்டிய சதையில் ஒரு அமுக்கு. பிறகு நெஞ்சுக்கு அடியில் கை கொடுத்து, முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பும்படி ஒரு தூக்கு. "பன்னெண்டு தேறும்" என்கிறார்.

கயிற்றைப் பிடித்திருக்கும் பெண் விடுவதாக இல்லை. "பதினாலுக்குக் கொறையாதுண்ணே. நெத்து தின்னு வளந்த கெடா."

"அப்ப உயிர் எடைக்கே போட்டுருவோமா தாயி?"

ஆட்டு வியாபாரத்தில் அன்றாடம் புழங்கும் சொல் அது. அறுத்த பின் தராசில் விழுவது கறி எடை. நான்கு காலில் நிற்கும்போது காட்டுவது உயிர் எடை. 30 கிலோ உயிர் எடையுள்ள கிடாயில் 14, 15 கிலோ கறி கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கைக் கண்மதிப்பாகப் போடுவதா, தராசில் ஏற்றிப் போடுவதா என்பதுதான் தரகரின் கேள்வி. இவ்வளவு பெரிய விஷயத்தை மடியில் கட்டிக்கொண்டு இவ்வளவு சாதாரணமாகச் சந்தையில் திரியும் சொல் தமிழில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

உயிருக்கு எடை உண்டா என்று நிறுத்தே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாலி மொழியில் உள்ள தீக நிகாயத்தில் பாயாசி என்றொரு சிற்றரசன் வருகிறான். மறுபிறவியை நம்பாதவன். திருடன் ஒருவனை உயிரோடு நிறுத்து, பிறகு கழுத்தை நெரித்துக் கொன்று மறுபடி நிறுத்ததாகச் சொல்கிறான். செத்த உடல் முன்னைவிடக் கனத்ததாம். உயிர் என்று ஒன்று வெளியே போயிருந்தால் எடை குறைந்திருக்க வேண்டாமா என்பது அவன் வாதம். 1907-இல் டங்கன் மக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர், சாகக் கிடந்த நோயாளிகளைக் கட்டிலோடு தராசில் ஏற்றி, அவர்களில் ஒருவரிடம் 21 கிராம் குறைந்ததாக எழுதினார். பிறகு 15 நாய்களையும் சோதித்தார். நாய்களிடம் எடை குறையவில்லை. மனிதனுக்கு மட்டுமே ஆன்மா என்று ஏற்கெனவே நினைத்திருந்தவருக்கு அது வசதியாகப் போயிற்று.

எட்டயபுரத்துத் தராசு இந்த வம்புக்கெல்லாம் போவதில்லை. உயிரையும் உடலையும் பிரிக்காமல் சேர்த்தே நிறுத்து, கிலோ இன்ன விலை என்று முடித்துவிடுகிறது.

அந்தக் கிடாயின் இனத்துக்குக் கன்னி என்று பெயர். கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் என்று கரிசல் பூமி முழுவதும் மேய்வது. உடம்பு கறுப்பு. கொம்படியிலிருந்து மூக்கு வரை முகத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு கோடு இறங்கும். அடிவயிற்றிலும் காலின் உள்பக்கத்திலும் அதே நிறம். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. பக்கத்திலேயே மேய்வது கொடி ஆடு. நெட்டைக் கால், ஒடிசலான உடம்பு. வெள்ளையில் கறுப்பைத் தெளித்திருந்தால் கரும்போரை, சிவப்பைத் தெளித்திருந்தால் செம்போரை. சேலம், தருமபுரிப் பக்கம் போனால் உச்சி முதல் குளம்பு வரை கறுத்த சேலம் கருப்பு. 2019-இல் எடுத்த கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த வெள்ளாடுகள் 14.9 கோடி. அதில் ஏறக்குறைய 99 லட்சம் தமிழ்நாட்டில்.

இந்த ஆடுகளின் பெருமை பாலிலும் இல்லை, பருமனிலும் இல்லை. வளர்ந்த கன்னிக் கிடாய் சராசரியாக 35 கிலோ வாக்கில்தான் இருக்கும். மழை பொய்த்த வருஷத்தில் மாட்டுக்கு வைக்கோல் தேடி அலைந்து, கடைசியில் மாட்டையே விற்றுவிடுவார்கள். ஆடு அப்படி இல்லை. வேலிக்கருவை நெற்றையும் உடைமர நெற்றையும் பொறுக்கித் தின்று, முள்ளுக்குள் மூக்கை விட்டு இலையை மட்டும் உருவிக்கொண்டு நாளைத் தள்ளிவிடும். சினைக்காலம் ஐந்து மாதம். இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று. ஈற்றுக்கு இரட்டைக் குட்டி என்பது இங்கே அதிசயமில்லை. தீவனச் செலவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தொரட்டியால் இழுத்துப் போடும் குழையும், ஓர் ஆளின் முழுப் பகலும்தான் முதலீடு. கையில் காசில்லாதவர்கள் வாரத்துக்கு ஆடு பிடித்து வளர்ப்பார்கள். ஆடு ஒருவருடையது, பாடு இன்னொருவருடையது, பிறக்கும் குட்டியில் பாதிக்குப் பாதி.

இப்படிப் பார்த்தால், ஆட்டுக்காரர் லாபம் என்று கணக்கு வைப்பது எதை? வெயிலுக்கும் வறட்சிக்கும் நோய்க்கும் ஈடுகொடுத்துத் தன் உயிரைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் ஆட்டின் சாமர்த்தியத்தை. அது பிழைத்துக்கிடக்கப் படும் பாடுதான் வளர்ப்பவருக்கு மிச்சமாகும் செலவு. உயிர் மேல் உள்ள ஆசை எந்த ஆட்டுக்கு அதிகமோ, அந்த ஆட்டில்தான் லாபமும் அதிகம். கறிக்கு வளர்க்கும் எந்தப் பிராணியிலும் இந்த முரண் உண்டு. தீவனமும் மருந்தும் காற்றாடியும் கொடுத்து வளர்க்கும் பிராய்லர் கோழியில் கண்ணுக்குத் தெரியாது, கரிசல் ஆட்டில் பட்டவர்த்தனமாகத் தெரியும். (அந்தச் சாமர்த்தியத்துக்கும் எல்லை உண்டு. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-இல், விழுப்புரத்தை அடுத்த அரசூரில். அது ஒரு பட்டிக்குள் நுழைந்தால் நாட்டு ஆடு, சீமை ஆடு என்று பார்ப்பதில்லை. தடுப்பூசி ஒன்றே வழி.)

இதே சாமர்த்தியத்தை நியூசிலாந்தில் திட்டம் போட்டே வளர்த்தெடுத்தார்கள். மலைகளில் காட்டாடாய்த் திரிந்தவற்றைப் பிடித்து, ஆங்கிலோ நூபியன், சானன், டோகன்பர்க் கிடாய்களோடு சேர்த்து, கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் கீகோ என்ற இனத்தை உருவாக்கினார்கள். கொட்டகை கிடையாது, குளம்பு சீவுவது கிடையாது, ஈனும்போது கைகொடுக்க ஆள் கிடையாது. தாங்கியது நின்றது, தாங்காதது கழிந்தது. இன்று கறி ஆடு வளர்க்கும் நாடுகளில் கீகோவுக்கு நல்ல மதிப்பு. மாவோரி மொழியில் கீகோ என்றால் சதை, இறைச்சி. தென்னாப்பிரிக்காவின் போயர் ஆடு, பண்ணைக்காரரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. கரிசல்காட்டுக்காரர்கள் தங்கள் ஆட்டுக்குக் கன்னி என்று பெயர் வைத்தார்கள்.

துள்ளிக்கொண்டு நிற்கும் ஒரு உயிரை 'இறைச்சி' என்றே கூப்பிடுவது நேர்மையா, 'கன்னி' என்று கூப்பிட்டுவிட்டுச் சந்தைக்கு ஓட்டுவது நேர்மையா? முன்னதில் ஒளிவுமறைவு இல்லை. பின்னதில் ஒரு உறவு இருக்கிறது, சங்கடமும் அதிலிருந்துதான் வருகிறது.

நாலைந்து ஆடு வைத்திருக்கும் வீட்டில் இந்தச் சங்கடத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஆட்டுக்குப் பெயர் இருக்கும்: கருப்பி, செவலை, வெள்ளைச்சி. தாய் செத்த குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்திருப்பார்கள். மழை இரவில் ஆடும் ஆளும் ஒரே கூரைக்குள் படுத்திருப்பார்கள். பள்ளிக்கூடக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, பெண்ணுக்குச் செய்முறை என்று ஏதாவது வரும்போது அதே குட்டிதான் சந்தைக்குப் போகும். உள்ளூர்க் கறிக்கடைக்குக் கொடுக்க மனம் வராது பலருக்கு. கண்காணாத வியாபாரியிடம் தள்ளிவிட்டால் தேவலை. தப்பித்தவறி உள்ளூரில் விற்றுவிட்டால், அந்த வாரம் அந்த வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்ற பழமொழியைப் பேச்சில் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லலாம். வளர்த்தவர்களுக்கு அது அவ்வளவு சிரிப்பாக இருப்பதில்லை.

இந்தத் தொழிலைப் பற்றி அறநூல்கள் சொல்லியிருப்பது கொஞ்சநஞ்சமல்ல. திருக்குறளின் 26-ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். அதன் பத்துக் குறளில் ஒன்று அருளைப் பற்றியோ நரகத்தைப் பற்றியோ பேசாமல் நேரே சந்தைக்குள் நுழைகிறது. தின்பதற்காகக் கொல்லும் வழக்கம் உலகில் இல்லையென்றால், விலைக்குக் கறி விற்க ஒருவரும் முன்வர மாட்டார்கள் என்பது அதன் வாதம். கேட்பவர் இருப்பதால்தான் கொடுப்பவர் இருக்கிறார் என்ற பொருளாதாரப் பாடத்தை வள்ளுவர் அறத்துப்பாலில் வைத்தார். பாவத்தில் வாடிக்கையாளருக்கும் பங்கு எழுதிவிட்டார். அந்த வள்ளுவரின் பெயரால் தை இரண்டாம் நாள் கறிக்கடைகளை அடைக்கச் சொல்கிறது அரசு. பொங்கல் விடுமுறை ஆயிற்றே, ஜனங்கள் முந்தின நாளே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

பௌத்தம் வேறு மாதிரி பிரித்தது. இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வியாபாரங்களை அங்குத்தர நிகாயம் சொல்கிறது: ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு. ஆடு வளர்த்து விற்பவர் இதில் இரண்டு தலைப்பில் மாட்டுகிறார். ஆனால் பிச்சைக்குப் போகும் துறவியின் ஓட்டில் யாராவது கறியைப் போட்டால், அது தனக்காகக் கொல்லப்பட்டதைத் தான் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகிக்கவும் இல்லை என்றால் உண்ணலாம் என்று தேரவாத விநயம் அனுமதித்தது. உண்பவரின் மனம் தூய்மையாக இருந்தால் போதும். நீலகேசி என்ற சமணக் காப்பியம் பௌத்தர்களைப் பிடிபிடியென்று பிடிப்பது இந்த இடத்தில்தான். தின்பவர் இல்லாமல் கொல்பவர் எங்கிருந்து வந்தார் என்று காப்பிய நாயகி நீலகேசி விடாமல் மடக்குகிறாள்.

வாதத்தில் ஜெயித்தது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். நடைமுறையில் நடந்தது வேறு. காலங்காலமாகப் பாவம் முழுவதும் கயிற்றைப் பிடித்தவர் தலையிலும் கத்தியைப் பிடித்தவர் தலையிலும் இறங்கிற்று. தட்டைப் பிடித்தவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகிக்கவில்லை என்று சொல்லும் வசதி நகரத்தில் பிரியாணிக்குச் செயலியில் விரலைத் தட்டுபவருக்கு இருக்கிறது. அந்தக் குட்டி பிறந்த இரவில் லாந்தரோடு விழித்திருந்த பெண்ணுக்கு அது கிடையாது. உயிரின் எடை இன்னதென்று இந்தக் கணக்கில் யாருக்காவது தெரியுமென்றால் அவளுக்குத்தான் தெரியும்.

அரசாங்கமும் இதில் தடுமாறாமல் இல்லை. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-லேயே சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. வந்து, அரை நூற்றாண்டு தூங்கிற்று. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைத் தூசி தட்டிக் கடுமையாக அமல்படுத்தச் சொன்னது. குலசாமி கும்பிடும் கிராமங்கள் கொதித்தன. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே சட்டத்தை விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே முதல்வர் 2011-இல் திரும்பி வந்தபோது, கிராமத்து ஏழைப் பெண்களுக்குக் குடும்பத்துக்கு நான்கு ஆடு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அந்த ஆடுகள் பெருகி எங்கே போகும் என்பதில் யாருக்கும் மயக்கம் இல்லை. ஆக, காசுக்காகக் கொன்றால் வாழ்வாதாரம், கருப்பசாமிக்காகக் கொன்றால் காட்டுமிராண்டித்தனம். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம்கூட இந்தச் சிக்கலில் கையைச் சுட்டுக்கொள்ளவில்லை. மதவழக்கப்படி கொல்வது அந்தச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகாது என்று 28-ஆம் பிரிவில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டது.

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் ஒரு விசித்திரப் பிறவி. ஊரில் உள்ள அத்தனை கிடாய்க்கும் விலை உண்டு, அதற்கு மட்டும் கிடையாது. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது. தோட்டத்தில் நுழைந்து வாய் வைத்தாலும் யாரும் கல் எடுக்க மாட்டார்கள். லாபநஷ்டக் கணக்கிலிருந்து அது வெளியே போய்விடுகிறது. சந்தைக் கிடாய் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ போய்ச் சேரும்போது, சாமிக் கிடாய் சில சமயம் மூன்று வருஷம், நாலு வருஷம் ராஜாவாகத் திரிகிறது. கடைசியில் அதற்கும் கத்திதான். ஆனால் கத்திக்கு முன்னால் ஒன்று நடக்கிறது.

மாலை போட்ட கிடாயைச் சாமி முன்னால் நிறுத்துவார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். பிறகு எல்லோரும் சும்மா நிற்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்குவது என்று அதற்குப் பெயர், சில ஊரில் உத்தரவு கொடுப்பது என்பார்கள். துலுக்காமல் வெட்டுவதில்லை. சில கிடாய் ஒரு சொட்டு விழுந்ததும் உதறிவிடும். சில கிடாய் மரம் மாதிரி நிற்கும். இன்னொரு சொம்புத் தண்ணீர் வரும். அப்புறம் கூட்டத்தில் முணுமுணுப்பு. பங்காளிகளில் யாரோ மனக்குறையோடு வந்திருக்கிறார்கள், அதனால்தான் சாமி ஏற்கவில்லை. "யாருக்கு என்ன கொறைன்னு இப்பவே சொல்லீருங்கப்பா" என்று பெரியவர் ஒருவர் குரல் கொடுப்பார். பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி முகத்தை முகம் பார்ப்பார்கள். ஒரு கிழவி முந்தானையை ஏந்திக்கொண்டு கிடாயின் முன்னால் வந்து, "எங்க மேல கோவம் வேண்டாஞ்சாமி, உத்தரவு குடுத்துரு" என்று கும்பிடுவாள். கிழவியின் கும்பிடு சாமிக்கா, கிடாய்க்கா என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. கிடாய் ஒரு உதறு உதறும். குலவைச் சத்தம் எழும்பும்.

நனைந்த எந்தப் பிராணியும் உடம்பை உதறும் என்பது எல்லோருக்கும் தெரியும், தண்ணீர் ஊற்றுபவருக்கும் தெரியும். பதிலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விதான் இது. பழைய கிரேக்கர்களும் பலிவிலங்கின் தலையில் நீர் வார்த்து, அது தலையசைத்த பிறகே வெட்டினார்கள் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். அது சம்மதம் கேட்பதுதானா, இல்லை விலங்கு திடமாக இருக்கிறதா என்று பார்ப்பதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். எதுவாக இருந்தாலும், ஏமாற்று வேலை என்று ஒதுக்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நிமிஷம் ஊரே கிடாய்க்காகக் காத்திருக்கிறது. கத்தி காத்திருக்கிறது, மேளம் காத்திருக்கிறது, கறிக்குப் பாத்திரம் கொண்டுவந்தவர்கள் காத்திருக்கிறார்கள். நம்முடைய உணவு ஏற்பாட்டில், தின்னப்படும் ஒன்றின் அனுமதிக்காகத் தின்பவர்கள் நிற்கும் இடம் வேறு எது?

சங்கப் பாடல்களிலேயே இந்தப் பலியைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. தலைவியின் காதல் நோயை முருகன் அணங்கியது என்று நினைத்துத் தாய் பூசாரியாகிய வேலனை அழைப்பாள். அவன் ஆட்டுமறியை அறுத்து வெறியாட்டு நடத்துவான். குறுந்தொகையில் ஒரு தோழி அவனைப் பார்த்து, இந்த நோயைக் கொடுத்த மலைநாட்டானின் மார்பும் உன் பலியைத் தின்னுமா என்று கேட்டுவிடுகிறாள். மறியைக் கொன்றதற்காக அவள் வருத்தப்பட்டாள் என்று சொல்ல முடியாது. நோய் ஓரிடம், மருந்து ஓரிடம் என்பதுதான் அவள் குத்தல்.

சமணர்கள்தான் ஆட்டின் பக்கம் நின்று யோசித்தவர்கள். அவர்களுக்குள்ளும் ஒரு சுவையான வேறுபாடு தெரிகிறது. நீலகேசியின் தொடக்கத்தில், காளிக்குப் பலி கொண்டுவந்தவர்களிடம் முனிச்சந்திரர் என்ற துறவி, உயிருள்ள விலங்குக்குப் பதில் மண்ணால் செய்த உருவத்தை வைத்தால் போதும் என்கிறார். யசோதர காவியத்திலோ, தாயின் வற்புறுத்தலுக்காக மாவில் செய்த கோழியை வெட்டிய அரசன் அந்தப் பாவத்துக்காகவே விலங்குப் பிறவிகளில் உழல்கிறான். ஆட்டுப் பிறவியும் அதில் ஒன்று. மண் ஆடு போதும் என்றால் மாக்கோழி ஏன் பாவம்? வைப்பது வேறு, வெட்டுவது வேறு என்று பதில் சொல்லலாம். கை செய்ததை அல்ல, கை ஓங்கும்போது மனம் செய்ததைத்தான் யசோதர காவியம் நிறுக்கிறது. அந்தத் தராசில் ஏற்றினால் எட்டயபுரத்துப் பெண்ணின் எடையும், பிரியாணி கேட்டவரின் எடையும் என்னவாக இருக்கும் என்பது திறந்த கேள்வி. மனத்தால் கொன்றது யார் என்று பார்த்தால், அவள் ஒருவேளை இலேசாகவே நிற்பாள்.

ஜாதகக் கதைகளில் ஒரு ஆடு வருகிறது. பலிக்காக அதைக் குளிப்பாட்டி மாலை போடும்போது சிரிக்கிறது, பிறகு அழுகிறது. கேட்டதற்கு, முன்பு ஒரு பிராமணனாக இருந்து ஓர் ஆட்டைப் பலியிட்டதால் 499 பிறவியில் தன் தலை போயிற்று, இது ஐந்நூறாவது, இன்றோடு விடுதலை என்று சிரித்ததாம். தன்னை வெட்டப்போகும் பிராமணனுக்கு இனிமேல் அதே கதிதானே என்று அழுததாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஓநாய்க்காக ஆடு அழுத கதை இது ஒன்றுதான் போலிருக்கிறது.

பக்ரீத் வேறொரு பாதையில் வருகிறது. அங்கே ஆட்டின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. சோதிக்கப்படுவது மனிதனின் மனம், இப்ராஹீம் நபியின் கதையே அதுதான். ஆனால் ஆட்டுக்கென்று விதிகள் உண்டு: ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், கண் குருடோ கால் ஊனமோ நோயோ இருக்கக் கூடாது, அதன் கண்முன்னால் கத்தியைத் தீட்டக் கூடாது. கறியில் ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு உற்றாருக்கு, ஒரு பங்கு ஏழைக்கு என்பது பரவலான வழக்கம். மார்க்கத்தின் இந்த விதிகள் சந்தையில் விலையாக மாறிவிடுகின்றன. பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் வியாபாரிகள் முதுகை அமுக்குவதற்கு முன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள். பல் போட்ட, பழுதில்லாத கிடாய்க்குத் தனி விலை.

பக்தியும் லாபமும் ஒரே அண்டாவில் வேகும் இடம் ஒன்று உண்டு. திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டி. ஊர் ஊராய் முனியாண்டி விலாஸ் நடத்துபவர்களின் பூர்வீகம். கடையில் நாள்தோறும் முதல் விற்பனைப் பணத்தைச் சாமிக்கென்று எடுத்துவைக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை முதலாளிகள் எல்லோரும் ஊர் திரும்பி, முனியாண்டிக்குக் கிடாய்களை வெட்டி, விடிய விடியப் பிரியாணி ஆக்கி, வந்தவருக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். வருஷம் பூராவும் காசுக்கு விற்ற பண்டத்தை ஒரு நாள் காசில்லாமல் கொடுப்பது. செய்த தொழிலுக்குப் பரிகாரமா, நன்றிக்கடனா, அடுத்த வருஷத்துக்கு முன்பணமா என்று அவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். கும்பிடு போடும்போது மூன்றும்தான் இருக்கும்.

கறி தின்பதை ஆதரிப்பவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் ஒன்று இருக்கிறது: நாம் தின்னாவிட்டால் இந்த ஆடுகள் பிறந்தே இருக்காதே! 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் லெஸ்லி ஸ்டீஃபன் என்ற எழுத்தாளர் இதைப் பன்றியை வைத்துச் சொன்னார். காந்தியை இலண்டனில் கொள்கைச் சைவராக்கிய ஹென்றி சால்ட் திருப்பிக் கேட்டார்: பிறக்காத ஒன்றுக்கு உபகாரம் எப்படிச் செய்ய முடியும்? சால்ட்டின் பதில் தர்க்கத்தில் அசையாதது. ஆனால் கரிசலில் நின்று பார்க்கும்போது ஸ்டீஃபனை முழுசாகத் தள்ளவும் முடியவில்லை. கழுதையைப் பாருங்கள். சலவைக்கும் சுமைக்கும் தேவைப்படாமல் போன பிறகு, 2012-க்கும் 2019-க்கும் இடையில் மட்டும் இந்தியக் கழுதைகளின் எண்ணிக்கை 61 சதவீதம் குறைந்தது. கறிக்கென்று யாரும் வாங்காவிட்டால் பால்கன்னியும் செங்கன்னியும் எத்தனை தலைமுறை நிற்கும்? ஓர் இனம் நிலைப்பதற்காக அதன் ஒவ்வொரு ஆடும் சாக வேண்டியிருக்கிறது. இனத்துக்கு நியாயம் பேசுவதா, நிற்கும் ஆட்டுக்கு நியாயம் பேசுவதா? கல்கத்தாவில் காளி கோயிலுக்கு ஓட்டிச்செல்லப்பட்ட ஆடுகளைப் பார்த்துக் கலங்கிய காந்தியே பின்னாளில் ஆட்டுப்பாலில்தான் உயிர் பிழைத்தார். பசு, எருமைப் பாலுக்கு எதிரான தன் விரதத்தின் உயிரை அது கொன்றுவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். கறக்கும் ஆடு போடும் கிடாய்க்குட்டிகள் எங்கே போகின்றன என்ற கேள்வியிலிருந்து பால் குடிப்பவரும் தப்ப முடியாது.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2021-இல் திருத்தி அமைத்த தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டைக்கு 5 கிடாய் முதல் 500 பெட்டைக்கு 25 கிடாய் வரை பண்ணை வைக்கப் பாதி மூலதனம் மானியம், உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். பட்டதாரிகள் வருகிறார்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் வருகிறார்கள். பரண்மேல் கொட்டகை, வெட்டிப்போட கோ 4 புல், வேலிமசால், மூட்டையில் அடர்தீவனம். தலைச்சேரியும் போயர் கலப்பும் பரணில் நிற்கின்றன. புழுக்கை கீழே விழுந்துவிடும், நோய் குறையும், எடை சீக்கிரம் ஏறும். வாதிட முடியாத நன்மைகள்தான். ஆட்டுக்குக் கருப்பி, செவலை என்ற பெயர் போய்க் காதில் வில்லையும் எண்ணும் வந்துவிட்டன. 500 ஆட்டுக்கு யார்தான் பெயர் வைக்க முடியும்?

ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட முடியாது. முள்ளில் மூக்கை விட்டுத் தனக்குப் பிடித்த இலையைத் தேடும் ஆட்டுக்கு, ஆறு மாதமோ ஒரு வருஷமோ, அதன் விருப்பப்படி நடந்த பகல்கள் இருக்கின்றன. பன்னிரண்டு வருஷத்துக்கு மேலும் வாழக்கூடிய உயிருக்கு அது சொற்பம்தான், ஆனாலும் அதனுடையது. பரணில் நிற்கும் ஆட்டுக்கு எடை மட்டும்தான் ஏறுகிறது. நாட்டு ஆட்டின் உறுதியைப் புகழ்ந்து விற்கும் தொழில், அந்த உறுதியைப் பயன்படுத்திக்கொள்ளும் காட்டை ஆட்டிடமிருந்து எடுத்துவிடுகிறது. துலுக்கும் கிடாய்க்குக் கடைசியில் இரண்டு நிமிஷம் கிடைக்கிறது, மேயும் ஆட்டுக்குச் சில நூறு பகல். பரணில் எந்த இடத்திலும் ஆட்டைக் கேட்க வேண்டியதில்லை.

எட்டயபுரத்தில் பேரம் முடிந்துவிட்டது. துண்டுக்குள் விரல் பிடித்து, இரண்டு தடவை தலையாட்டி, பதின்மூன்று கிலோ என்று இரண்டு பேரும் இறங்கி வந்திருக்கிறார்கள். வியாபாரி தன் சணல் கயிற்றைக் கிடாயின் கழுத்தில் போடுகிறார். அந்தப் பெண் தன் கயிற்றை அவிழ்க்கிறாள். கயிற்றோடு ஆட்டைக் கொடுப்பது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. முடிச்சு இறுகிக் கிடக்கிறது, நகத்தால் நெம்ப வேண்டியிருக்கிறது. அதுவரைக்கும் கிடாய் அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நிற்கிறது. தலைப்பை உருவிக்கொண்டு, கயிற்றைச் சுருட்டி மஞ்சள் பையில் போட்டு, அதன் மேல் பணத்தை வைக்கிறாள். விளாத்திகுளம் பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் போய் உட்காரும்போது வண்டிகள் நிற்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள்.